தலைவர் காதுக்குப் பின்னால் நின்றவர்

என் அக்காவின் கணவருக்குக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர் காது. அவருடைய காதைப் பார்த்து வைத்த பெயரில்லை. அது சாதாரணக் காதுதான், ஓரத்தில் கொஞ்சம் முடி முளைத்தது. தலைவரின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்று, எதிரே வருகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று ஓதிக் கொடுப்பது அத்தானின் உத்தியோகம். இதற்கெல்லாம் ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று வாயைப் பிளக்காதீர்கள். தலைவருக்குக் குடை பிடிக்க ஒருவர், மூக்குக்கண்ணாடி துடைக்க ஒருவர், அவர் சிரித்து முடித்ததும் சிரிப்பதற்கு ஒருவர் என்று தனித்தனியாக ஆட்கள் இருந்தார்கள். அவர்களோடு பார்த்தால் என் அத்தான் விஞ்ஞானி.

தேர்தல் நெருங்கினால் பெரிய ஓட்டல் மண்டபங்களில் நிதி விருந்து என்று ஒன்று வைப்பார்கள். பேர்தான் விருந்து. தொழிலதிபர்கள் வந்து கட்சிக்குப் பணம் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று தலைவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஆறிப்போன சூப்பைக் குடித்துவிட்டுப் போவார்கள். தலைவருக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் ஏது, நாட்டுக்காக உழைக்கிறவர் அல்லவா. ஆனால் பணம் கொடுத்த மனுஷனுக்கோ, தலைவர் காலையிலிருந்து தன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்ற வேண்டும். அங்கேதான் அத்தான் வருவார். "சிமென்ட். முழங்கால் ஆபரேஷன். ஆத்து மணல்." இவ்வளவுதான் ஓதுவார். தலைவர் முகம் மலர்ந்து, முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். சிமென்ட்காரர் உருகிப்போவார். பெற்ற பிள்ளைகள்கூட அவரிடம் கேட்காத கேள்வி அது. அப்புறம் தலைவர் குரலைத் தாழ்த்தி, ஆற்று மணல் விஷயத்துக்கு "பாத்துக்கலாம்" என்பார்.

இந்தப் பாத்துக்கலாமை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் ஏமாளி. வெறும் பாத்துக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, தலைவர் கையைத் தூக்கி எதிராளியின் தோளில் வைத்தால் காரியம் முடிந்தது. கொடுத்த தொகை போதுமா என்று கட்சிப் பொருளாளர் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார். போதும் என்றால் அத்தான் கடைசியில் "கை" என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓதுவார். கை விழும், அந்த நொடியில் போட்டோக்காரர் பளிச்சென்று அடிப்பார். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிவிட்டால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்க மாட்டார். காகிதத்தில் ஒரு எழுத்துக் கிடையாது. காதும் காதும் வைத்த மாதிரி நாட்டு நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது.

அத்தான் அதற்கு முன்னால் ஒரு ஓட்டலில் சர்வராக இருந்தவர். ஒரு மேஜையில் பத்துப் பேர் உட்கார்ந்து பத்து விதமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள மாட்டார், மாற்றிக் கொண்டுவந்து வைக்கவும் மாட்டார். அவர் சூட்சுமம் எங்களுக்குத் தெரியும். அவர் ஆள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் நாற்காலிக்கு இது, இரண்டாம் நாற்காலிக்கு அது என்று வரிசையாக மனதில் ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் இரண்டு பேர் நடுவில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ள, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் முன்னால் கேக் போய் இறங்கிவிட்டது. முதலாளி கத்தினார். நாற்காலி சரிதான், ஆள்தான் தப்பு என்று அத்தான் அசையாமல் நின்றிருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர் அதற்குள் பாதிக் கேக்கைச் சந்தோஷமாக முடித்துவிட்டு, "இந்த ஆள எங்கிட்ட குடுத்துடுங்க" என்றாராம். அவர்தான் கட்சிப் பொருளாளர். இப்படித்தான் என் அத்தான் பொதுவாழ்க்கைக்கு வந்தார்.

எங்கள் பிழைப்பு வேறு. அக்காவும் நானும் சலவைக் கடை நடத்துகிறோம். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி முழுக்கத் துணி காயப்போடும் கொடி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜை விரிப்பு என்று வருவதெல்லாம் வெள்ளை. அக்கா தோய்ப்பாள், நான் இஸ்திரி போடுவேன். கட்சி கொடுத்த சம்பளம் தேர்தல் வந்தால்தான் வரும். மற்ற நாளில் அத்தானுக்கும் அவர்கள் மகளுக்கும் எனக்கும் சோறு போட்டது அந்தக் கொடிதான். அத்தான் முன்னால் இதைச் சொன்னால் அவருக்கு அவசரமாக வெளியே வேலை வந்துவிடும்.

கடைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் டயர் ஆலை. பழைய டயர்களை உருக்கி எண்ணெய் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு புகைபோக்கி, தூரத்துக் கோடியில். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கரி பறந்து வந்து ஈரத் துணியில் உட்காரும். தட்டினால் போகாது, கோடாக இழுவிவிடும். மறுபடி ஊறவைத்து மறுபடி தோய்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் அக்கா சாமி கும்பிடுகிறாளோ இல்லையோ, மாடிக்குப் போய் விரலை நக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்கெனவே எச்சரித்துவிட்டார்கள். இன்னொரு முறை விரிப்பில் கரி இருந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்களாம்.

அந்த நேரம் பார்த்து, டயர் முதலாளி இரண்டாவது புகைபோக்கி கட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. எங்கே? எங்கள் பின்சுவரை ஒட்டி. அது எழும்பினால் காற்றைப் பார்க்கவே வேண்டாம், கரி நேராகக் கொடியில்தான் இறங்கும். கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு தெருவுக்கு இரண்டு புகைபோக்கிக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தையே போன தேர்தலில் தோளில் கை வாங்கிக் கொண்டுவந்தவர் இதே முதலாளிதான். பக்கத்தில் வேறு எவனும் ஆலை வைத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். ஒன்று இருக்கிறது, இன்னொன்றுக்கு இடமிருக்கிறது, அதையும் அவரே எடுத்துக்கொள்ளப் பார்த்தார். தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். கிணற்றில் போட்ட கல்.

அக்கா ஒருநாள் சாப்பிடும்போது அத்தானைப் பிடித்தாள்.

"ஏங்க, எவனெவன் கதையையோ அந்தக் காதுல ஊத்துறீங்க. நம்ம கதைய ஒரு தடவை ஊத்தினா உங்க வாய் வெந்துடுமா?"

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அப்படியெல்லாம் முடியாதும்மா. குடுத்தவங்க விஷயம் மட்டுந்தான் அந்தக் காதுக்குள்ள போகும். அது ஒரு ஒழுங்கு."

ஒழுங்காம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை எடுத்திருப்பேன். அக்கா எழுந்து கை கழுவினாள். பிறகு, "சரி, அப்போ நானும் குடுக்கிறேன்" என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். அவள் கையில் கிடந்த ஒரே ஜோடி வளையலைக் கழற்றி விற்றாள். தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி மிச்சத்தைத் தேற்றினாள். அதைக் கொண்டுபோய் நிதி விருந்தில் இருப்பதிலேயே மலிவான இடத்தை வாங்கினாள். போட்டோ உண்டு, சாப்பாடு கிடையாது, தோளில் கை நிச்சயம் கிடையாது. ஆனால் பணம் கொடுத்தவளாகிவிட்டாள், அதனால் அத்தான் அவளுக்காக ஓதியே ஆக வேண்டும். பொருளாளர் வரிசையைச் சொல்ல அத்தான் மனதில் ஏற்றிக்கொண்டு வந்தார். சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன ஓதப் போகிறார் என்று கேட்டேன். "சலவை. துணி கரியாகுது. ரெண்டாவது புகைபோக்கி வேண்டாம்" என்று ஒப்பித்தார். கை சேர்க்க முடியாதா என்று கெஞ்சினேன். கொடுத்த தொகைக்குக் கை வராது என்று எனக்கு அரசியல் பாடம் எடுத்தார். அவருடைய நேர்மையைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

விருந்து ஒரு மதியம் நடந்தது. மேஜையெல்லாம் நாங்கள் தோய்த்த விரிப்பு. நான் போட்ட மடிப்பு இன்னும் நின்றது. அக்கா இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்தி வரிசையில் நின்றாள். கைப்பையைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் யார் என்று நினைக்கிறீர்கள்? டயர் முதலாளி. தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, சிவந்த முகம், நல்ல சிரிப்பு. எங்களை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பல வருடம் இருந்தவர்கள்தான். அவர் சுவரின் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்ததே இல்லை.

அவர் முறை வர ஒரே ஒரு ஆள் பாக்கி. அப்போது அவர் போன் அடித்தது. அந்த வாரம்தான் பேரன் பிறந்திருக்கிறான், மகள் அவனைப் போனில் காட்டுகிறாள். மனுஷன் குழைந்துபோய்விட்டார். அக்காவைப் பார்த்து, "நீங்க முன்னால போங்கம்மா, நான் ஒரு நிமிஷம் பேரனப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று வழிவிட்டு ஒதுங்கினார். பெண்களுக்கு முதலிடம் கொடுக்கிற பண்பாளர். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே மரியாதை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா தலைவர் முன்னால் போய் நின்றாள். தலைவர் ஆறடி உயரம், அகலமும் அதற்குக் குறையாது. அவர் தோளுக்குப் பின்னால் அத்தானின் வாய் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அத்தான் நிமிர்ந்து பெண்டாட்டி முகத்தைப் பார்த்தாரா இல்லையா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை சண்டை.

தலைவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பூரித்தார். "பேரன் பொறந்திருக்கானாமே! ரொம்ப சந்தோஷம்மா."

அக்கா விழித்தாள். அவளுடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டாவது புகைபோக்கி விஷயந்தானே? பாத்துக்கலாம்" என்று தலைவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி என் அக்காவின் தோளில் வைத்தார். போட்டோக்காரர் அடித்தார்.

அடுத்து டயர் முதலாளி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்து நின்றார். தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, துணியெல்லாம் கரியாகிறதாமே, கஷ்டம்தான், அந்தப் புகைபோக்கி வரவேண்டாம் என்கிறீர்கள், பாத்துக்கலாம் என்றார். கை எழும்பவில்லை. முதலாளி தோளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக்கூடப் பார்த்தார். அதற்குள் அடுத்த ஆளை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அத்தானை அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். கூட வாழ்ந்த பெண்டாட்டி முகம்கூடவா தெரியவில்லை என்று கத்தினாள். வளையலையும் விற்று, தெருப் பணத்தையும் கொட்டி, எதிராளி கேட்டதை என் வாயாலேயே கேட்ட மாதிரி ஆக்கிவிட்டீர்களே என்று அழுதாள். அத்தான் மெதுவாக, "வரிசை சரிதான், ஆள்தான் மாறிடுச்சு" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். தெருவில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அக்கா சில நாள் பின்வாசல் வழியாகவே போய்வந்தாள்.

கட்சி ஆபீசில் நடந்ததை அத்தான் அப்புறம்தான் சொன்னார். டயர் முதலாளி மறுநாளே போய்க் குதித்திருக்கிறார். தப்பு நடந்துவிட்டது, தலைவரிடம் சொல்லித் திருத்துங்கள் என்றிருக்கிறார். பொருளாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாராம், "தலைவர் யார்கிட்ட பேசுறோம்னே தெரியாமப் பேசுறார்னு சொல்றீங்களா? நீங்களே உள்ள போய்ச் சொல்லுங்களேன்." முதலாளி உள்ளே போகவில்லை. தலைவருக்கு ஒரு பேரனும் தெரியாது, ஒரு முழங்காலும் தெரியாது என்று சேதி வெளியே போனால், அதுவரை உருகின அத்தனை தொழிலதிபர்களும் உறைந்துபோவார்கள். தேர்தல் வேறு தலைக்கு மேல் நின்றது. ஆகவே தப்பே நடக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். தப்பே நடக்காததால் அத்தானைத் தப்புக்காக வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை. தலைவருக்குக் காதுவலி, கொஞ்ச நாள் யாரும் பின்னால் நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காதுவலி இன்னும் ஆறவில்லை.

தலைவர் ஜெயித்தார். கொஞ்ச நாளில் அவர் ஆபீசிலிருந்து எங்கள் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் வெள்ளிக் கிலுகிலுப்பை, பேரனுக்குத் தலைவரின் அன்பளிப்பு. தெருவில் எல்லோரும் அக்காவின் மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதற்குப் பின்னால் ஒரு அதிகாரி வந்தார். கடைச் சுவரில் அத்தான் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். தோளில் இருந்த கையைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு உறையை நீட்டிவிட்டு, எதற்கும் என்னைக் கூப்பிடுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

உறைக்குள் இருந்தது அனுமதி. இந்தத் தெருவில் இரண்டாவது புகைபோக்கி எழுப்ப, சலவைக் கடை நடத்தும் என் அக்காவுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எதுக்குடி புகைபோக்கி? நான் என்ன இங்க மாட்டையா வேகவைக்கிறேன்?" என்று என்னைக் கேட்டாள். கிழித்துப் போடப் போனவளை அத்தான்தான் தடுத்தார். அவர் அப்போது என் பக்கத்தில் நின்று தலையணை உறைக்கு இஸ்திரி போடப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு தெருவுக்கு இரண்டுதானே, ஒன்று முதலாளியுடையது, மற்றது இப்போது உன்னுடையது, இனி எவனும் மூன்றாவது கேட்க முடியாது என்று உறையை மடித்துக்கொண்டே சொன்னார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இஸ்திரியில் கண்ணாயிருந்தார். இப்போது சொல்லுங்கள், அந்த ஆள் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா? பார்த்தார் என்று நான் சத்தியம் பண்ணுவேன். இவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் எங்கே என்கிறாள் அக்கா. அவரிடமே கேட்டால் வரிசை, நாற்காலி என்று ஆரம்பித்துவிடுவார்.

டயர் முதலாளி கொஞ்ச காலம் மேலே போய் முட்டிப் பார்த்தார். அவர் கொண்டுவந்த சட்டம் அவருக்கே குறுக்கே படுத்துக்கொண்டது. கடைசியில் போன மாதம் ஒரு காலையில், சுவரைச் சுற்றிக்கொண்டு முதன்முதலாக எங்கள் பக்கம் வந்தார். அக்கா மாடியில் தோய்த்துக்கொண்டிருந்ததால் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அதே மாதிரி வெள்ளைச் சட்டை. அந்த அனுமதி உங்களுக்குப் பிரயோசனமில்லை, எனக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், என்ன வேண்டும் என்றாலும் கேளுங்கள் என்று நயமாகப் பேசினார். கேட்டால் பெரிதாகக் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தில் கடையையே தூக்கி வேறு தெருவில் வைத்திருக்கலாம். எனக்கே ஒரு நிமிடம் நாக்கில் எச்சில் ஊறியது. எங்களுக்குப் பின்னால் இந்தத் தெருவில் மற்றவர்கள் இருப்பார்களே என்பது அப்புறம்தான் உறைத்தது.

அக்கா விரிப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். அத்தான் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தவர், கிளிப் டப்பாவைக் கீழே வைத்தார். மெதுவாக நடந்து வந்து அக்காவுக்குப் பின்னால், வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி, குனிந்து நின்றார். அந்த நிலையில் அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"டயர். பேரனுக்கு நடக்க வந்துடுச்சு. ரெண்டாவது புகைபோக்கி" என்று ஓதினார்.

அவ்வளவுதான். அடுத்த சொல் வருமா என்று நானும் காத்திருந்தேன், முதலாளியும் காத்திருந்தார். அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானாமே! ரொம்ப சந்தோஷங்க. அந்தப் புகைபோக்கி விஷயந்தானே? பாத்துக்கலாம்."

அவள் இரண்டு கையும் முழங்கை வரை வாளிக்குள் சோப்பு நுரையில் இருந்தன. அங்கிருந்து வெளியே வரவில்லை.

முதலாளி புரிந்துகொண்டார். புரியாமல் இருக்குமா, அந்தப் பாஷையில் பேசியே ஆலை கட்டினவர். அப்படியும் ஒரு நப்பாசையில் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முதல் புகைபோக்கியிலிருந்து வந்த கரி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"தட்டாதீங்க சார், இழுவிடும்" என்றேன் நான். "கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, தோய்ச்சுத் தர்றோம்."